முப்பத்தொன்றாம் தேதி

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியது சரிதான், ஆனால் முன்னால் என்றால் பின்னால் ஒரு சாப்பாடு வர வேண்டுமே என்று யோசித்தபடி காளிராசன் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். இட்லி எப்போதோ ஆறிவிட்டது. சட்னி ஓரம் காய்ந்து தட்டில் ஒட்டத் தொடங்கியிருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை. தூங்கினால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும்; இந்த ஒரு மாதத்தில் அது காளிராசனுக்கு அத்துப்படியாகியிருந்தது. இப்போது உதடு இரண்டும் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தன. காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மனைவி சீதாலட்சுமி தன் அக்கா மகளின் வளைகாப்புக்கென்று முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போய்விட்டாள். அவன் பேப்பர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கணக்கெழுதுகிற கைக்கு இதெல்லாம் வராதா என்ன என்ற வீம்பில் அப்பாவை ஈரத்துணியால் துடைத்தான், முதுகைப் புரட்டிப் பவுடர் போட்டான், அடியில் விரித்த துணியை மாற்றினான். முறிந்து தகடு வைத்த இடுப்பில் கை பட்டபோது அப்பா பல்லைக் கடித்தாரே தவிர முனகவில்லை. அரைத் தூக்கத்திலேயே மாத்திரையை விழுங்கினார். பிறகு காளிராசன் சுவரில் தொங்கிய காலண்டரில் தாளைக் கிழித்தான். கிழிக்கிற சத்தம் கேட்டு அப்பா, "இன்னைக்கு என்ன தேதிய்யா?" என்றார். "முப்பத்தொண்ணுப்பா" என்று இவன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்கிற சுறுசுறுப்போடு சொன்னான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இட்லி வேண்டாம், காப்பி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூத்திரத்துக்குப் பாட்டிலை நீட்டினால் அதுவும் வேண்டாம். பசிக்கவில்லை, நீ போய்ச் சாப்பிடு என்று ஒரு தடவை சொன்னதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

அவனுக்கு உறைக்கவே வெகுநேரம் ஆனது. வயிறு சரியில்லையோ, வாய்ப்புண்ணோ, சீதாலட்சுமி சொல்லாமல் போய்விட்டாள் என்று கோபமோ என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தவன் தற்செயலாக நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தான். கறுப்பில் பெரிதாக முப்பத்தொன்று. இத்தனை நேரம் எதிரேயே தொங்கியது, தெரியவில்லை. அந்த எண்ணை அப்பா எத்தனை தடவை தொட்டிருப்பார் என்று நினைத்தான். சிவகாசியில் காலண்டர் ஆபீஸ் என்று சொல்கிற அச்சகத்தில்தான் அவருக்கு ஆயுசு கழிந்தது. தேதித் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, தட்டி, அட்டையில் தகரம் வைத்து அடிக்கிற வேலை. வெயிலுமுத்து அடுக்கிய கட்டு என்றால் தேதி தப்பாது என்று முதலாளியே சொல்வாராம். கழிவான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். காளிராசனும் அண்ணன் மாரிக்கனியும் அதை வைத்துத் தரையில் கடை பரப்பி விளையாடுவார்கள். ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. முப்பது வரைக்கும் சண்டை இல்லை. முப்பத்தொன்று வந்தால் அண்ணனுக்கு ஒன்று கூடிப்போகும், இவன் அழுவான். அப்பா அந்தத் தாளை மட்டும் எடுத்துச் சுருட்டிப் பீடி மாதிரி காதில் செருகிக்கொண்டு, இது எனக்கு என்பார். உடனே அழுகை நின்றுவிடும். அன்றைக்கே அவர் எடுத்துக்கொண்ட தேதிதான் இது, நாம் புதிதாக எதையும் அவர் தலையில் கட்டவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவனுக்கே வெட்கமாக இருந்தது. தன் பக்கத்து நியாயத்தைத் தேடி மனசு எங்கெல்லாம் போகிறது, பிள்ளைப் பிராயத்தில் அப்பா காதில் செருகிய தாள் வரைக்கும் போய் எடுத்துக்கொண்டு வருகிறது.

அம்மா போன பதினாறாம் நாள் விசேஷத்தன்று மாமன்மார் கூடிப் பேசி முறை வைத்தார்கள். ஒற்றைப்படை மாதம் அப்பா அண்ணன் வீட்டில், இரட்டைப்படை மாதம் இவன் வீட்டில். விளையாட்டில் பிரித்த மாதிரியேதான். இரண்டும் ஒரே ஊர், நடக்கிற தூரம், ஒரு மஞ்சள் பையில் அவர் குடித்தனம் அடங்கிவிடும். கொஞ்ச காலம் போனதும் அண்ணன் ஒரு நாள் விளையாட்டும் வினையுமாக ஆரம்பித்தான். ஜனவரி, மார்ச், மே, ஜூலை என்று நீள மாதமெல்லாம் தன் பக்கம் வருகிறதாம், பிப்ரவரி மட்டும் தம்பிக்குப் போகிறதாம், இந்தக் கணக்கை எந்தப் புத்திசாலி போட்டானாம். மதினி சிரித்தாள், அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. சீதாலட்சுமி பதிலுக்கு வாயெடுத்தாள். அப்போது நியாயம் தீர்க்க எழுந்தவன் காளிராசன். கடையில் கணக்கு இடித்தால் இடிக்கிற தொகையைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை நேர் செய்வது அவன் வழக்கம். "விடுண்ணே. முப்பத்தொண்ணாந்தேதிய யாரு கணக்குலயும் வைக்க வேண்டாம்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு அடங்கியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தன் சாமர்த்தியத்தை எண்ணி அவனுக்கு ஒரே பூரிப்பு. அதைச் சொன்னபோது அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார், அதுவும் சரிதான் என்றார். சிரித்தாரா? சிரித்தார். பல் தெரிந்தது. பல் தெரிந்தால் அது சிரிப்பு என்று யார் சொன்னது? எத்தனையோ தடவை அந்த வாசலுக்கு மனசில் திரும்பிப் போய் அவர் முகத்தைப் பார்க்க முயன்றிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருக்கிறார், பல் மட்டும் தெரிகிறது.

அடுத்து வந்த முப்பத்தொன்றில் அப்பா விடியவே குளித்து, பையை எடுத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்மக்கனியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். சேர்மக்கனி ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு முறை மாறுகிற வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டாயிற்று, படுத்துக்கொள்கிறேன் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு நீள மாதக் கடைசியும் அப்படித்தான். நல்லதாகப் போயிற்று என்று இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள், மனுஷனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா என்றார்கள். ஒரு தடவை சீதாலட்சுமி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு பார்த்தால் பொட்டலம் செருப்பு கிடந்த இடத்துக்கு அருகில் இருந்தது, மறந்துவிட்டார் பாவம் என்று எடுத்து இவனே தின்றான். தின்றது ருசியாக இருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் வந்து தொலைக்கிறது. பிறகு சேர்மக்கனி செத்துப்போனார். காளிராசன்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு துட்டிக்குப் போனான், சுடுகாடு வரைக்கும் போனான், மாலை போட்டான். அதற்கடுத்த முப்பத்தொன்றில் அப்பா குளித்து, பையை எடுத்துக்கொண்டு, சேர்மக்கனியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். சரிப்பா என்றான் இவன். சரிப்பா என்று சொன்ன வாய் இதுதான். அந்த நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான், பிரஷ்ஷை நிறுத்தக்கூட இல்லை. செத்தவனை எப்படிப் போய்ப் பார்ப்பார் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. தோன்றியதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்த வித்தை தெரிந்த குடும்பம்தானே.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு. எங்கே சுற்றினாலும் நினைப்பு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். ஒரு முப்பத்தொன்றாம் தேதி கடை வேலையாகக் கோவில்பட்டி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், நல்ல உச்சி வெயில். கட்டணக் கழிப்பறைச் சுவரை ஒட்டிய சிமிண்டு பெஞ்சில் அப்பா இருந்தார். மடியில் மஞ்சள் பை. செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். பஸ் ஒவ்வொன்றாக வர, கழுத்தை நீட்டிப் போர்டைப் படிப்பார், தன் பஸ் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சாய்வார். அவருக்கு எந்த பஸ்ஸும் இல்லை. பக்கத்திலிருப்பவர்களுக்காக அப்படிச் செய்கிறார் என்பது பார்த்த உடனே இவனுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்ததுதான் அவனுடைய பாவம், புரியாமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தூக்கமாவது வரும். இவனுடைய பஸ் போர்டையும் அவர் படித்தார். படித்துவிட்டுக் கண் ஜன்னல் பக்கம் இறங்கியது. அந்த இடத்தில் ஞாபகம் சிக்கிக்கொள்கிறது. அப்பா முகத்தைத் திருப்பினாரா, இவன் திருப்பினானா? அவர் முதலில் திருப்பினார் என்றால், மகன் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்தார் என்று ஆகும். அப்போது இவன் இறங்காதது ஒரு மரியாதைதான். இவன் முதலில் திருப்பினான் என்றால் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் வளைந்து வெளியே போகிற வரைக்கும், மகனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனசுக்குள் எத்தனையோ தடவை அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறான். கண்டக்டரிடம் சத்தம் போட்டு நிறுத்தி, ஓடிப்போய்ப் பையை வாங்கி, எதிரே இருக்கிற ஓட்டலில் இலை போட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, அப்பா ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். ரசம்வரைக்கும் வந்ததும் பஸ் கிளம்பிவிடும், இவன் சீட்டில் உட்கார்ந்திருப்பான், கையில் டிக்கெட் வியர்த்திருக்கும்.

அப்பாவின் நெற்றியில் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. மின்விசிறி ஓடுகிறது, வியர்க்கக் கூடாது. போர்வைமேல் கிடந்த கை விரல்கள் லேசாக நடுங்கின. போன மாதக் கடைசியும் இப்படித்தான். காலையில் மாத்திரை, அப்புறம் பகலெல்லாம் பட்டினி, அண்ணன் வீட்டு முறை முடிந்து இந்த வீட்டுக்கு வருகிற வழியில் மயங்கித் தெருவில் விழுந்து இடுப்பு முறிந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், வயசானவரைப் பட்டினி போட்டீர்களா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள். காளிராசன் எழுந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்து அப்பா வாயருகே ஸ்பூனை வைத்தான். உதடு பிரியவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. அண்ணனுக்குப் போன் போட்டான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன், நீ சொன்னால் கேட்பார் என்றான். என்ன விஷயம் என்று கேட்ட அண்ணன், தேதியைச் சொன்னதும் ஓ, முப்பத்தொண்ணா என்றான். பிறகு, நாளைக்குக் காலையில் ஆட்டோவோடு வருகிறேன், இன்றைக்கு நீயே பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டான். சீதாலட்சுமிக்குப் போட்டால் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"மாமா சாப்ட்டாகளா?"

"வாயத் தொறக்க மாட்டேங்காரு. முப்பத்தொண்ணுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

அவள் கூட்டத்தை விட்டு விலகி வந்தாள் போல, நாதஸ்வரம் தேய்ந்தது. பிறகு சொன்னாள், "அன்னைக்குச் சோறு கட்டிக் குடுத்தேன்ல, செருப்புப் பக்கத்துல வச்சுட்டுப் போனாகளே, அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க சொன்னதத்தான அவுக புடிச்சுக்கிட்டு இருக்காக. நீங்கதான் எடுக்கணும்."

நீங்கதான் எடுக்கணும். முள்ளை எடுக்கிற மாதிரி சொல்கிறாள். அதில் என்ன கஷ்டம், அப்பா, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, மறந்துவிடுங்கள் என்றால் முடிந்தது. காளிராசன் கட்டிலருகே குனிந்து அப்பா என்றான். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார், ஆபரேஷன் செய்து புரை எடுத்த ஒற்றைக் கண் மட்டும் தெளிவாக. அந்தக் கண்ணுக்கு எதிரே சொல் வரவில்லை. சொன்னால், அப்படியானால் உனக்கு இத்தனை காலமும் தெரியும் என்று ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டு தெரியும், செத்துப்போன சேர்மக்கனி தெரியும், புளிச்சோறு தெரியும். ஒன்றை எடுத்தால் கூடவே எல்லாம் வரும். இவனுக்கு ஒரே மகன்தான், சென்னையில் இருக்கிறான். ஒருத்தன் என்பதால் முறை வைக்க ஆள் இல்லை, வருஷம் முழுக்க அவன் கணக்கில்தான் கிடக்க வேண்டும். அவனுக்கு எந்தெந்தத் தேதி இடிக்குமோ. போன தடவை வந்தபோது அந்தப் பயல் கட்டிலருகே நின்று, தாத்தாவுக்கு ஒரு ஹோம் பார்க்கலாமே என்று சாதாரணமாகச் சொன்னான், சொல்லிவிட்டு டீ கேட்டான். சாமர்த்தியமான குரல், கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அப்போது யோசித்தான், யாருடையது என்று பிடிபடவில்லை. அப்பாவின் நடுக்கம் கூடியிருந்தது. இனிமேல் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை.

காலையில் கிழித்த தாள், திருநீறு மடிக்க ஆகுமே என்று சாமி படத்துக்கு அடியில் செருகியிருந்தது. முப்பது. அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். சோற்றுப் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, தாளின் தலைப்பில் தேய்த்து, திரும்பி வந்து காலண்டரில் முப்பத்தொன்றின்மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினான். அப்பாவுக்குத் தெரிகிற மாதிரிக் கொஞ்சம் சத்தமாகவே அழுத்தினான். "அப்பா, தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு, நான் சேத்துக் கிழிச்சுட்டேன். இன்னைக்கு முப்பதுதான்" என்றான். அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். அந்த ஒரு கண் காலண்டரில் போய் நின்றது. வாழ்நாளெல்லாம் தாள் அடுக்கிய மனுஷனிடம் தாளிலேயே பொய் சொல்கிறோம் என்று காளிராசனுக்கு உறைத்தது. ஆனால் அப்பா முகம் இளகியது. "மை காயுமுன்ன அடுக்கியிருப்பானுக" என்றார் குழறலாக. "அவசரக் குடுக்கைக. அப்படி அடுக்குனா ஒட்டத்தான் செய்யும்." தன் தொழில் தன்னைக் கைவிடாது என்று நம்பியதுதான் அந்த மனுஷன் செய்த ஒரே தப்பு.

பிறகு வாய் திறந்தது. முதலில் சர்க்கரைத் தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக. பிறகு ரசம் விட்டுக் குழைத்த சோறு. காளிராசன் கையால் ஊட்டினான். அவருடைய நாக்கு இவன் விரலைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை பசி. மென்று முடிப்பதற்குள் கண் அடுத்த உருண்டையைத் தேடியது. பாட்டிலையும் அவரே கேட்டார், காலையிலிருந்து அடக்கிவைத்தது நிற்காமல் போயிற்று. வியர்வை அடங்கியது, விரல் நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா என்று அப்பா கேட்டார். ரெண்டாம் தடவை ரசம். காளிராசன் கரண்டியோடு அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். இதோ பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன், கடைசியில் இறங்கித்தான் விட்டேன் என்று மனசு ஒரு கணம் துள்ளியது. ஒரு பருக்கையில் வேலை முடிந்துவிட்டது, வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமர்த்தியம்தான். ஈரத்துணியால் அப்பாவின் வாயைத் துடைத்தான், தலையணையைத் திருப்பிப் போட்டான். அப்பா நிறைந்த வயிற்றோடு காலண்டரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் லேசாகத் துடித்தது, பருக்கை இன்னும் காயவில்லை.

"அப்ப நாளைக்குத்தான் முப்பத்தொண்ணு, இல்லயாய்யா?" என்றார்.

காளிராசன் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பவும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல இருந்துக்கிருவேன். இப்ப உக்கார முடியாதே." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ஆஸ்பத்திரியில கேட்டுப் பாரு, நாளைக்கு ஒரு நா மட்டும் படுக்க எடம் குடுப்பாகளான்னு. வெராண்டாவுலன்னாலும் போதும். ராத்திரி ஆகவும் அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுரு."